தலைமையாசிரியர் பின்னால் நிழலாக நடந்த என் தங்கை

ஐம்பதைத் தொடப்போகிற ஒரு பெண் தோளில் பையை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வந்தது. அவள் என் கூடப்பிறந்த தங்கை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அவளைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நிற்காது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி ஷெட் ஒன்றில் வண்டி கழுவப் போனேன். கழுவினவன் ஓட்டினேன், ஓட்டினவன் வாங்கினேன். இன்று இந்த ஊரில் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன்களில் பாதிக்கு மேல் பின்கண்ணாடியில் என் பெயர் இருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவேன். மனிதர்களும் எனக்கு அப்படித்தான். ஒருவன் வாயைத் திறந்தால் போதும், எங்கே ஆடுகிறான் என்று பிடித்துவிடுவேன்.

என் தங்கையிடம் மட்டும் அந்த வித்தை பலிக்காது. அவள் வாயையே திறக்க மாட்டாள்.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று சொல்லுவதுதான். அவள் அறிவியல் டீச்சர் ஆனாள். என் வேன்கள் ஓடுகிற அதே பள்ளிக்கூடத்தில்தான் இத்தனை காலமும் வேலை. அவளிடம் படித்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விடுகிறார்கள். வகுப்பில் சத்தம் அதிகமானால் அவள் அதட்டுவதில்லை. நடுவில் போய் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். சத்தம் தானாக அடங்கிவிடும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஆந்தை. அவளுக்கும் அது தெரியும். கோபப்பட்டதில்லை.

அப்படிப்பட்டவள் மறுபடி படிக்கப் போகிறாள் என்ற சேதியை என் வீட்டுக்காரிதான் கொண்டுவந்தாள்.

“பள்ளிக்கூடத்துல தலைமைப் பொறுப்பு எப்படி இருக்கணும்னு ஒரு படிப்பாம். டாக்டர் பட்டம் குடுப்பாங்களாம்.”

“இந்த வயசுல எதுக்காம்?”

“அதை நான் கேட்கலை. நீங்க கேட்டா உங்களுக்கும் சொல்லமாட்டா.”

“என்கிட்டயே மறைக்கிறாளா?”

“மறைக்கலை. நீங்க ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிடுவீங்கன்னு பயம்.”

எனக்கு முதல் சந்தேகம் நாற்காலி மேல். அப்போதிருந்த தலைமையாசிரியருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு இவள் இப்போதே துண்டு போட்டு வைக்கிறாளோ என்று நினைத்தேன். இரண்டாவது சந்தேகம் மாப்பிள்ளை மேல். வீட்டில் ஏதாவது மனஸ்தாபமோ, அதை மறக்கத்தான் படிப்போ என்று போய்ப் பார்த்தேன். அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். “அவ படிக்கட்டும் மச்சான், நான் சமைக்கக் கத்துக்கிட்டேன்” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவ்வளவு சிரிக்கிற ஆம்பளையை நான் நம்புவதில்லை. ஆனாலும் சமையலறையில் எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே சமைத்துத்தான் இருந்தார், பாத்திரம் கரிந்திருந்தது.

மூன்றாவது சந்தேகம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல். காசை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுக்கிற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை, பெயர் எழுதாத என் பழைய வேனை எடுத்துக்கொண்டு போய் அதன் வாசலுக்கு எதிரே நிறுத்தினேன். பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே அவள் வயதை ஒத்தவர்கள் சிலரும் இறங்கினார்கள். டை கட்டிய பருமனான ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே பைக்குள் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், எல்லாரும் வாத்தியார் சாதி என்று நடையிலேயே தெரிந்தது. மத்தியானம் டீக்கடைக்கு வந்தார்கள். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி, இடையில் மூச்சுக்கூட விடாமல். அந்த டை கட்டியவர் குறுக்கே ஏதோ சொல்ல, இவள் அவரை மறித்து வேறு பேசினாள். என் வீட்டுக்கு வந்தால் “ம்” என்பதற்கு மேல் போகாதவள்!

அந்த நேரம் பார்த்து ஒரு கார்க்காரன் என் முன்னால் வந்து மறித்து நிறுத்தினான். பழக்கதோஷத்தில் ஹாரனில் கை வைத்துவிட்டேன். அவள் திரும்பினாள். நான் ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். டீயைக் குடித்துவிட்டு, “அண்ணா, அந்தப் பழைய வேன் ஹாரனை மாத்துங்க. கன்னுக்குட்டி கத்தற மாதிரி இருக்கு” என்றாள்.

இனிமேல் ஒளிவதில் அர்த்தமில்லை. நேராகவே கேட்டேன். “ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கா இந்தப் படிப்பு?”

“இல்லை.”

“அப்ப எதுக்கு?”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அந்த ஆந்தைப் பார்வை. பிறகு சொன்னாள். அவள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

“எங்க ஸ்டாஃப் ரூம்ல கப் மாட்ட ஒரு பலகை இருக்கு. ஆளுக்கு ஒரு கொக்கி. சின்ன வகுப்புக்குப் புதுசா வந்த ஒரு பொண்ணு நல்லாப் பாடம் நடத்துவா. திடீர்னு ஒருநாள் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு நின்னுட்டா. அவ கப் இன்னும் தொங்குது அண்ணா. ஏன் போனான்னு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். கூட்டத்துல ஹெச்.எம். ‘யாருக்காவது ஏதாவது சொல்லணுமா’ன்னு கேட்டார். எல்லாரும் மேஜையைப் பார்த்தோம். நானும்தான். நாள் பூரா பிள்ளைங்ககிட்ட, கையைத் தூக்கு, தைரியமாக் கேளுன்னு சொல்றவங்க நாங்க. எங்கள்ல ஒரு கை மேல போகலை. ஏன் போகலை? நடத்தறவர் எப்படி இருந்தா போகும்? அதைத்தான் படிக்கிறேன்.”

“இதுக்கு ஒரு பட்டமா?”

“இதுக்குத்தான்.”

எனக்கு அது காரணமாகவே படவில்லை. ஒரு கப் தொங்குகிறதென்று யாராவது மறுபடி படிக்கப் போவார்களா? ஆனாலும் அவள் சொன்ன விதத்தில் எந்த போல்ட்டும் ஆடவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

விடாதவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். படிப்பு முடிய இரண்டு காரியம் அவளுக்கு ஆகவேண்டியிருந்தது. ஒன்று, கூட வேலை பார்க்கிற ஆசிரியர்கள் தனித்தனியாக அவளோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசவேண்டும். இரண்டு, தலைமையாசிரியரோடு ஒரு நாள் முழுக்க, காலை மணியிலிருந்து பிள்ளைகள் வீடு போய்ச் சேரும் வரை, நிழல் மாதிரி கூடவே இருந்து பார்க்கவேண்டும். அந்த வருடத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் அதுவரை எழுதியதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தான் என்று அவளுடைய பேராசிரியை சொல்லிவிட்டாராம்.

பேசுவதற்கு ஒருவரும் வரவில்லை. விளையாட்டு மாஸ்டர் ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில், வேன்களை அனுப்பிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் விசிலை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சி மேனேஜ்மென்ட் ஆளா?”

“ஏன் கேட்கிறீங்க?”

“யாரை வெச்சுக்கலாம், யாரை அனுப்பலாம்னு கணக்கெடுக்கறாங்கன்னு பேச்சு. கூட்டத்துல யார் யாரைப் பார்த்துப் பேசறாங்கன்னு நோட்டுல கோடு இழுத்துப் படம் வேற போடறாங்க. நான் தூங்கறதையும் போட்டிருப்பாங்களோ?”

கணக்கு டீச்சர் அதற்கு மேல். பள்ளியிலேயே மூத்தவர், பேச்சு அப்படி அறுக்கும். அதனால் பிளேடு என்று பெயர். அவர் என் காது படவே சொன்னார், “பேசச் சம்மதம்னு ஒரு காகிதம் குடுக்கறாங்க. அதுல பேர் வெளிய வராதுன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழயே பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கறாங்க. நாங்க என்ன, இன்னிக்கா பிறந்தோம்?”

சொல்லப்போனால் அந்த அம்மாள் பேச்சில் எனக்கு நியாயம் தெரிந்தது. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

ஸ்டாஃப் ரூமுக்குள் இவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று வெயிலுக்கும் மழைக்கும் தாவிவிடுமாம். இத்தனை வருடம் ஒன்றாக டீ குடித்தவர்கள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் அவளுடைய கப் அதன் கொக்கியில் இல்லை. வேலையை விட்டுப் போன பெண்ணின் கப்புக்குப் பக்கத்தில், பலகையின் கடைசியில் தொங்கியது. நீயும் போய்விடு என்பதை வாயால் சொல்லாமல் சொல்லியிருந்தார்கள். அவள் அதை எடுத்து மாட்டவில்லை. அங்கேயே விட்டு, அங்கிருந்தே எடுத்துக் குடித்தாள். மாப்பிள்ளை சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். “வீட்டுல அழுதாளா?” என்று கேட்டேன். “இல்லை மச்சான், அன்னிக்கு என் சமையலை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அதான் பயமா இருக்கு” என்றார்.

தலைமையாசிரியர் மட்டும் உடனே சரி என்றார். “தாராளமா வாங்க டீச்சர், ஒளிக்க என்ன இருக்கு?” ஒளிக்க என்ன இருக்கு என்று கேட்கிற ஆளிடம்தான் நான் முதலில் தேடுவேன். மாட்டேன் என்றால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடுமே, அதற்காகத்தான் ஒப்புக்கொண்டார் என்பது என் கணிப்பு. இவளும் தன் நாற்காலிக்குத்தான் அளவெடுக்கிறாள் என்று அவர் நினைத்ததும் எனக்குத் தெரியும். அவருடைய கார் டிரைவர் முன்பு என்னிடம் வேன் ஓட்டியவன்.

முந்தின நாள் என் தங்கை என்னிடம் வந்தாள். “அண்ணா, நாளைக்கு நீங்க என்னை வாசல்ல பார்ப்பீங்க. என்கிட்ட எதுவும் பேசாதீங்க. நிழலுக்கு வாய் கிடையாது. பார்க்கலாம், கேட்கலாம், குறிச்சுக்கலாம். பேசக் கூடாது, உதவக் கூடாது, தலையைக் கூட ஆட்டக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா மட்டும் பேசலாம். மத்தபடி வாயைத் திறந்தா அந்த நாள் செல்லாது. இன்னொரு நாள் அவர் குடுக்கமாட்டார்.”

“உனக்கு என்ன கஷ்டம்? பிறந்ததிலிருந்து பழகினதுதானே?” என்றேன்.

சிரித்தாள். “அன்னிக்கு நீங்க பல்கலைக்கழக வாசல்ல இருந்தீங்களே, அதுவும் அதேதான். ஆனா நிழல் ஹாரன் அடிக்காது.”

மறுநாள் காலை வாசலில் ஒரு அதிசயம் நடந்தது. தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் வாசலில் நின்று நான் பார்த்ததில்லை. காரிலிருந்து இறங்கினால் அறை, அறையிலிருந்து எழுந்தால் கார். அன்றைக்குப் புதுச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வணக்கம் சொன்னார். பிள்ளைகள் மிரண்டுபோயின. ஒரு சின்னப் பெண், “சார், இன்னிக்கு லீவா?” என்று கேட்டுவிட்டது.

அவருக்குப் பின்னால், கை எட்டாத தூரத்தில் என் தங்கை. அவர் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். வாட்ச்மேன் என் காதுக்கு அருகில் வந்து, “டீச்சர் ஏன் சார் பின்னாலயே போறாங்க? அவருக்கு மயக்கம் கியக்கம் வருமா?” என்றார்.

“வரவைக்கத்தான் போறா” என்றேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். அது எனக்காக உயர்ந்த குரல் இல்லை, பின்னால் நிற்பவளுக்காக. “முன் வாசல்ல தினமும் நெரிசல். இன்னிக்கு சாயங்காலத்திலிருந்து வேன் எல்லாம் பின் வாசலுக்கு வரட்டும். ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா?” வாட்ச்மேன் அதற்குள் ஒரு சைக்கிளை ஓரங்கட்டப் போய்விட்டார். அங்கே நாங்கள் மூன்று பேர்தான். சொன்னவர், கேட்டவன், பின்னால் நின்ற நிழல்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பின் வாசல் தெரு குறுகலானது. ஆனால் அவர் பள்ளிக்கூடம். என் டிரைவர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். சொன்னால் சொன்ன இடத்தில் என் வண்டி நிற்கும், அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே பின் வாசலில் என் வேன்கள் வரிசையாக நின்றன.

பிள்ளைகளோ முன் வாசலில் நின்றார்கள். தலைமையாசிரியர் ஆசிரியர்கள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பேசியதை மத்தியானத்துக்குள் மறந்துவிட்டாரோ, வேறு பெரிய காரியத்தில் விழுந்துவிட்டாரோ, எனக்குத் தெரியாது. வெயிலில் பிள்ளைகள் வரிசை வரிசையாக, பைகளோடு. கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் வண்டி எங்கே என்று கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஆள் வந்து கூப்பிட்டதும் நான் பின்னாலிருந்து முன்னால் நடந்தேன். தலைமையாசிரியர் படியில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பெற்றோர், ஒரு பக்கம் விளையாட்டு மாஸ்டர், பிளேடு, இன்னும் பாதி ஆசிரியர்கள். அவருக்குப் பின்னால் என் தங்கை.

“யாரைக் கேட்டு வண்டியைப் பின்னால கொண்டுபோனீங்க?” என்றார்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். “நீங்கதானே சார் காலைல சொன்னீங்க?”

“நானா? எப்போ? எந்த இடத்துல?”

“இதே இடத்துல.”

“இங்க பாருங்க, உங்க டிரைவர்களுக்கு வசதின்னு நீங்களா ஒரு முடிவு எடுத்துட்டு என் தலைல போடாதீங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் நாங்க வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.”

வண்டி கழுவிய காலத்தில் கூட என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. பொய் சொன்னான் என்ற பெயர் என் மேல் எந்தக் காலத்திலும் விழுந்ததில்லை. அதுவும் என் வேனில் பிள்ளைகளை நம்பி ஏற்றுகிற அப்பா அம்மாக்கள் முன்னால்! பிளேடுதான் மெதுவாகச் சொன்னார், “அறிவியல் டீச்சர் காலைலேருந்து சார் கூடத்தானே இருக்காங்க?”

அவ்வளவுதான். வாசலில் நின்ற அத்தனை கண்களும் என் தங்கை பக்கம் திரும்பின. நானும் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கையில் பேனா இருந்தது, எழுதவில்லை. உதடு மட்டும் ஒருமுறை இறுகியது. பேசவில்லை. தலையைக் கூட ஆட்டவில்லை.

நான் கேட்கவில்லை. ‘சொல்லும்மா, நீதானே பக்கத்துல இருந்தே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் தங்கையைச் சந்தியில் நிறுத்திச் சாட்சி சொல்லவைத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுகிற நிலைமையில் நான் இல்லை. “சரி சார், நானே கொண்டுபோனதா வெச்சுக்குங்க. முதல்ல பிள்ளைங்க வீடு போகட்டும்” என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினேன். அந்தக் குறுகலான தெருவிலிருந்து ஒவ்வொரு வேனாகப் பின்னோக்கி எடுத்து, முன் வாசலுக்குத் திருப்பி, பிள்ளைகளை ஏற்றி அனுப்பினேன். வேறு யாராக இருந்தாலும் இருட்டியிருக்கும். விளையாட்டு மாஸ்டர் தானாக வந்து விசில் ஊதி ஒழுங்குபடுத்தினார். எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு சேர்ந்தன.

அதற்குப் பிறகு எனக்கு அவள் மேல் வந்த சந்தேகம், அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பட்டத்துக்காக அண்ணனை விற்றுவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். மறுநாள் வீட்டுக்கு வந்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அவள் டீயைக் குடித்து, கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

“பார்த்தியா, எவ்வளவு நெஞ்சழுத்தம்!” என்றேன் என் வீட்டுக்காரியிடம்.

“அவளை நீங்க கேட்டீங்களா?”

“எதை?”

“அங்கயே, அப்பவே. சொல்லுன்னு.”

“எதுக்குக் கேட்கணும்? அவளுக்கே தெரிய வேண்டாமா?”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே அச்சுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மறுபடி வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை பின்னால் நிழல் இல்லை. பழைய சட்டை. நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் விளையாட்டு மாஸ்டரும் சில பெற்றோரும் நிற்கும்போதே, “வண்டியெல்லாம் முன் வாசலுக்கே வரட்டும். அன்னிக்குப் பின்னால வரச் சொன்னது நான்தான்னு டிரைவர்கள்கிட்ட சொல்லிடுங்க” என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை, கேட்டாலும் அந்த வாக்கியத்துக்கு மேல் எனக்கு வேண்டியிருக்காது.

எனக்குப் பொறி தட்டியது. இவள்தான் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கொடுத்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டேன்.

“ஹெட்மாஸ்டர்கிட்ட என்ன சொன்னே?”

“நான் எதுவும் சொல்லலை.”

“பின்ன அவருக்குத் திடீர்னு ஞாபகம் வந்துதா?”

“நிழல் நாள் முடிஞ்சதும் உட்கார்ந்து சில கேள்வி கேட்கணும், அது முறை. இந்த நேரத்துல இதைச் சொன்னீங்களே, அப்ப மனசுல என்ன இருந்துதுன்னு கேட்பேன். காலைல வாசல்ல வண்டி பத்திச் சொன்னதையும் கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“அதைச் சொல்லக் கூடாது.”

“அண்ணன்கிட்ட கூடவா?”

“முக்கியமா அண்ணன்கிட்ட.”

நான் எவ்வளவோ சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அந்த அறையில் அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கோபப்பட்டாரா, தலையைக் குனிந்தாரா, என்னைத் திட்டினாரா? அவளைத் தவிர வேறு யாரிடமும் அது போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் விளையாட்டு மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, நேத்து உங்க தங்கச்சிகிட்ட உட்கார்ந்து பேசினேன். மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன்.”

“மேனேஜ்மென்ட் ஆள்னு சொன்னீங்க?”

“அன்னிக்கு வாசல்ல பார்த்தோமே. சொந்த அண்ணனைப் பொய்யன்னு சொல்றப்போ கூட வாயைத் திறக்காதவங்க, நான் தூங்கினதைச் சொல்றதுக்கா திறக்கப் போறாங்க?” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அதுவும் இல்லாம, அடுத்த நாள் ஸ்டாஃப் ரூம்ல நாங்க எல்லாரும் கேட்டோம், சார் சொன்னாரா இல்லையான்னு. அப்பவும் சொல்லலை. பிளேடு எத்தனை வெட்டு வெட்டினாங்க தெரியுமா?”

பிளேடுதான் அடுத்து உட்கார்ந்தாராம். போகும்போது ஐந்து நிமிடம் என்று சொல்லிப் போனவர், பஸ்ஸை விட்டுவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள். ஒருநாள் காலையில் அவளுடைய கப், பழைய கொக்கிக்கே திரும்பி வந்திருந்தது. யார் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஊரே அவளிடம் போய்ப் பேசுகிறதே என்று எனக்கும் ஆசை வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னைவிட வாசலில் நின்று பார்த்தவன் யார்? “என்னையும் ஒருநாள் உட்காரவெச்சுக் கேளேன்” என்றேன்.

“கூடாது அண்ணா. நீங்க சொந்தம்.”

“வாட்ச்மேனைக் கேட்டியே?”

“அவர் சொந்தம் இல்லை.”

இப்படியும் ஒரு அவமானம்.

பட்டம் வந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் நிர்வாகம் இவளைத்தான் கூப்பிட்டது. என் முதல் சந்தேகம் சரியாகத்தான் போயிற்று என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் அவள் உடனே சரி என்று சொல்லவில்லையாம். ஸ்டாஃப் ரூமில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாளாம். அங்கே போய், “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். முதலில் மேலே போனது பிளேடின் கை. “ஏத்துக்கோங்க. ஆனா இனிமே கூட்டத்தைச் சாயங்காலம் வைக்காதீங்க. பஸ் போயிடுது.” பிறகு விளையாட்டு மாஸ்டர் கை, பிறகு இன்னொன்று. வந்த குறைகளைக் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டதாம்.

புது அறைக்குப் போகுமுன் என் வீட்டுக்கு வந்தாள். நான் பின்கண்ணாடிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“உண்மையைச் சொல்லு. அன்னிக்கு வாசல்ல என் முகத்தைப் பார்த்தப்போ உனக்கு ஒண்ணும் தோணலையா?”

ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “தோணிச்சு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணா. நாள் செல்லாமப் போயிருக்கும், படிப்பும் போயிருக்கும். போனாப் போகட்டும்னுதான் நின்னேன். நீங்க கேட்பீங்க கேட்பீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். நீங்க கேட்கலை.”

ஸ்டிக்கரை இரண்டு பேருமாகக் காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினோம். அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் சொல்லுகிறேன், அந்தப் பட்டத்தில் பாதி என்னுடையது. ஏழாம் வகுப்போடு நின்றவன் வாயை மூடிக்கொண்டு நின்றதால் கிடைத்த டாக்டர் பட்டம் அது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கேட்டிருந்தால் நிஜமாகவே சொல்லியிருப்பாளா, இல்லை, அண்ணன் மனசு ஆறட்டும் என்று சொன்னதா? மறுபடி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஆந்தை.